ரெகவரி டிஸ்க் இல்லாத பழைய லேப்டாப்: மறுபடி ஓஎஸ் போடுவதன் வழிகளும் வரம்புகளும்

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த லேப்டாப் ஒன்று பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. திரையில் குறையில்லை, விசைகள் வேலை செய்கின்றன. விண்டோஸ் மட்டும் பாதியில் நின்றுவிடும், அல்லது திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்ற அளவுக்கு இழுக்கும். மறுபடி ஓஎஸ் போட்டால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ‘வாங்கும்போது கொடுத்த சிடி இருக்கிறதா?’ என்ற கேள்வியில் அந்த முயற்சி நின்றுபோகிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு சிடி கொடுக்கப்படவே இல்லை. அதன்பின் நடப்பது இரண்டில் ஒன்று. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிராக் செய்த விண்டோஸை ஏற்றிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் லேப்டாப்பை எடைக்குப் போடுகிறோம்.

இரண்டும் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். டிஸ்க் தொலைந்ததால் விண்டோஸ் மீதான உரிமை தொலைந்துவிடுவதில்லை. அந்த உரிமை பெரும்பாலும் லேப்டாப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. உண்மையான தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன: தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க், கிடைக்காத டிரைவர்கள், காலாவதியான பாதுகாப்பு, எடுத்து வைக்காத கோப்புகள். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஸ்க் எப்படிக் காணாமல் போனது?

1990களில் கணினி வாங்கியவர்கள் பலருக்கு முழு விண்டோஸ் சிடி கைக்கு வந்தது. அதை எந்தக் கணினியிலும் போடலாம் என்பதால் திருட்டுப் பிரதிகள் பெருகுவதாக மைக்ரோசாஃப்ட் கருதியது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெரிய தயாரிப்பாளர்களுக்கான விதிகள் மாறின. முழு சிடியின் இடத்தில், அந்தந்த நிறுவனத்தின் கணினியில் மட்டும் ஓடக்கூடிய ரெகவரி சிடி வந்தது. சில வருடங்களில் அதுவும் போனது. ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, தொழிற்சாலையில் இருந்த நிலையை அப்படியே அதில் பதித்து மறைத்துவிடும் முறை பரவியது. விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன.

‘ரெகவரி டிவிடியை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று புது லேப்டாப்பில் ஒரு சிறு பெட்டி எழும்பும். அதற்கு மூன்று நான்கு வெற்று டிவிடிகள் வேண்டும், ஒன்றிரண்டு மணிநேரம் வேண்டும். புது லேப்டாப் வந்த மகிழ்ச்சியில் அந்தப் பெட்டியை மூடியவர்களே அதிகம். சில தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு செட் எழுத மட்டுமே அனுமதித்தார்கள். அதில் ஒரு டிவிடி கீறினால் மொத்தச் செட்டும் வீண்.

இந்த ஏற்பாட்டில் அடிப்படையான குறை ஒன்று உண்டு. லேப்டாப்பில் சீக்கிரம் பழுதாகும் பாகங்களில் ஹார்ட் டிஸ்க் முக்கியமானது. காப்பாற்ற வேண்டிய பொருளை அதே டிஸ்கில் வைத்தார்கள். டிஸ்க் செத்தால் மீட்பும் செத்தது. டிஸ்கை மாற்றினாலும் போனது. கடையில் முழு டிஸ்கையும் ஃபார்மட் அடித்தாலும் போனது. ஒரு தகட்டின் செலவைத் தயாரிப்பாளர்கள் மிச்சப்படுத்தினார்கள். அந்தச் சுமை பத்து வருடம் கழித்துப் பயனர் தலையில் விழுந்தது.

தமிழில் வேலை செய்தவர்கள் இந்த இல்லாமையை இன்னும் முன்னதாகவே உணர்ந்தார்கள். எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிவதற்கு, மொழி அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவத் தொடங்கியதும் ‘எக்ஸ்பி சிடியைப் போடுங்கள்’ என்று கேட்கும். பல லேப்டாப்களில் அந்தக் கோப்புகள் சி டிரைவில் ‘ஐ386’ என்ற ஃபோல்டரிலேயே இருந்தன. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் வேலை முடிந்தது. இது தெரியாதவர்கள் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த தமிழைத்தான் வெகுநாள் படித்தார்கள். விஸ்டாவிலிருந்து இந்தத் தொல்லை ஒழிந்தது.

உரிமம் எங்கே இருக்கிறது?

எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரையிலான லேப்டாப்களின் அடிப்பக்கத்தில், அல்லது பேட்டரிக்கு அடியில், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட கீ அச்சாகியிருக்கும். மடியில் வைத்தும் மேசையில் தேய்ந்தும் பல லேப்டாப்களில் அது அழிந்துவிட்டது. ‘கீ போச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று பலர் கைவிடும் இடம் இது.

உண்மையில், பெரிய நிறுவனங்களின் லேப்டாப்பில் தொழிற்சாலையிலிருந்து வந்த விண்டோஸ் அந்த ஸ்டிக்கர் கீயைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு தயாரிப்பாளரின் ஒரு பதிப்புக்கு ஒரே பொதுக் கீ. ஆயிரக்கணக்கான லேப்டாப்களுக்கும் அதுதான். பயாஸுக்குள் எஸ்எல்ஐசி என்ற சிறு அட்டவணை இருக்கும். விஸ்டா காலத்தில் அதன் 2.0 வடிவம், விண்டோஸ் 7 காலத்தில் 2.1. அந்த அட்டவணை, தயாரிப்பாளரின் சான்றிதழ்க் கோப்பு, பொதுக் கீ ஆகிய மூன்றும் பொருந்தினால், இணையம் இல்லாமலேயே விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிடும். ரெகவரி பகுதியிலிருந்து மீட்டெடுத்த விண்டோஸ் கீ எதையும் கேட்காததற்குக் காரணம் இதுவே. ஸ்டிக்கர் கீ, சாதாரண மூல டிவிடியிலிருந்து போடும்போது உதவும் மாற்று ஏற்பாடு. அதைக் கொண்டு ஆக்டிவேட் செய்யும்போது தொலைபேசி வழியாகச் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்பதுண்டு.

2012இல் வந்த விண்டோஸ் 8 இந்த முறையை மாற்றியது. அதிலிருந்து ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனிக் கீ, மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேரில் எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் எழுதப்படுகிறது. அதே பதிப்பை மறுபடி போட்டால் நிறுவும் நிரலே அந்தக் கீயைப் படித்துக்கொள்ளும். விண்டோஸ் 10 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருமுறை ஆக்டிவேட் ஆன லேப்டாப்பின் அடையாளம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகிவிடுகிறது. மறுபடி போடும்போது ‘என்னிடம் கீ இல்லை’ என்பதை அழுத்தித் தாண்டிச் சென்று, பிறகு இணையத்தில் இணைத்தால் போதும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பதிப்பு. இந்தியாவில் விற்ற பல லேப்டாப்களில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. அதில் ‘ப்ரோ’ பதிப்பைப் போட்டால் உரிமம் பொருந்தாது. இரண்டாவது, மதர்போர்டு. ஹார்ட் டிஸ்க், ராம் ஆகியவற்றை மாற்றினால் உரிமத்துக்குக் கேடில்லை. மதர்போர்டை மாற்றினால் போய்விடும். மூன்றாவது, இலவச மேம்படுத்தல். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10ஐ இலவசமாகத் தரும் திட்டம் 2016 ஜூலை 29இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பழைய கீகள் 2023 செப்டம்பர் வரை வேலை செய்தன. அதற்குள் ஒருமுறையாவது விண்டோஸ் 10க்கு மாறியிருந்த லேப்டாப்பில் இன்றும் அதைத் தயங்காமல் மறுபடி போடலாம். மாறாமலே இருந்தவற்றுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

ஃபார்மட் அடிப்பதற்கு முன்

விண்டோஸ் ஊர்வதற்கும் உறைவதற்கும் விண்டோஸே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய லேப்டாப்பில் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்கின் மீது விழ வேண்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உண்டு. அதைப் படித்துக் காட்டும் இலவச நிரல்கள் உண்டு. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், அந்த டிஸ்கில் எந்த ஓஎஸ் போட்டாலும் சில வாரங்களில் பழைய கதைதான். அதைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவது, அந்த லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமனுமாக இருக்கும். ஆடாமல் இருக்க ஒரு சட்டம் வைத்தால் சரியாக உட்காரும். சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்புள்ள லேப்டாப்களுக்கு மட்டும் இந்த வழி எளிதல்ல.

அடுத்தது கோப்புகள். விண்டோஸ் திறக்காவிட்டாலும் கோப்புகளை எடுக்கலாம். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்தால், பழைய டிஸ்க் ஒரு ஃபோல்டராகத் திறக்கும். தேவையானதை வெளி டிஸ்குக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8.1, 10 லேப்டாப்கள் சிலவற்றில் டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அப்படியானால் 48 இலக்க மீட்புக் கீ வேண்டும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

எவற்றை எடுப்பது என்று கேட்டால், படங்களும் ஆவணங்களும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறப்பது வேறு சில. டேலி கணக்கின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் அஞ்சல்கள் அடங்கிய பிஎஸ்டி கோப்பு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். தமிழில் எழுதுபவர் இவற்றோடு இன்னொன்றையும் கட்டாயம் எடுக்க வேண்டும்: எழுத்துருக்கள்.

யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்களுக்குள் தமிழ் எழுத்துகள் கிடையாது; ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே இருக்கின்றன. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினி, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பழக்கம். ஃபார்மட் அடித்த பிறகு பாமினி இல்லாத கணினியில் பழைய கடிதத்தைத் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் அரைப்புள்ளியாக நிற்க, மற்றவை அர்த்தமில்லாத ஆங்கிலக் கோவையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கோப்பில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸுக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தால் அந்தக் கடிதம் மறுபடி படிக்கக் கிடைக்கும். பாமினியை இன்றும் எளிதாகத் தேடி எடுத்துவிடலாம். ஒரு சிறு அச்சகமோ பதிப்பகமோ தனக்கெனப் பணம் கொடுத்து வாங்கிய எழுத்துரு தொலைந்தால் கிடைப்பது கடினம். ஓர் எழுத்தாளரின் இருபது வருடக் கையெழுத்துப்படிகள் ஒரே ஒரு எழுத்துருக் கோப்பை நம்பி நிற்கலாம்.

ஒளிந்திருக்கும் பகுதி

கோப்புகளை எடுத்த பிறகு தேட வேண்டியது, தொழிற்சாலையில் வைத்த மறைவுப் பகுதி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால், டிரைவ் எழுத்து இல்லாமல் பத்து முதல் இருபது ஜிபி அளவில் ஒன்று தெரியும். விண்டோஸ் 7 தானே உருவாக்கிக்கொள்ளும் 100 எம்பி பகுதி வேறு. அதை இதுவென்று நினைத்துவிடக் கூடாது.

அதற்குள் நுழையும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எச்பியில் எஃப்11. ஏசரில் ஆல்ட்டும் எஃப்10ம் சேர்த்து. அதற்கு முன் பயாஸில் ‘டி2டி ரெகவரி’ என்பது இயங்கு நிலையில் இருக்க வேண்டும். அசுஸில் எஃப்9, சாம்சங்கில் எஃப்4, சோனி வயோவில் எஃப்10 அல்லது ‘அசிஸ்ட்’ பொத்தான். தோஷிபாவில் பூஜ்ய விசையை அழுத்திக்கொண்டே பவரை இயக்க வேண்டும். லெனோவோவின் பல மாடல்களில் பவர் பொத்தானுக்கு அருகிலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு நோவோ பொத்தான் இருக்கும். திங்க்பேடில் எஃப்11 அல்லது நீல நிறத் திங்க்வான்டேஜ் பொத்தான். டெல்லின் விஸ்டா, 7 லேப்டாப்களில் எஃப்8 அழுத்திப் பழுதுபார்க்கும் பட்டியலுக்குள் போக வேண்டும். விசை வேலை செய்யவில்லை என்றால் பகுதி அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இடையில் லினக்ஸோ வேறு விண்டோஸோ போட்டபோது, தயாரிப்பாளர் வைத்த பூட் நிரல் மட்டும் மாறியிருக்கலாம்.

இந்த வழியில் உரிமம், டிரைவர், ஆக்டிவேஷன் எல்லாம் தானே அமைந்துவிடும். ஆனால் சி டிரைவ் முழுதும் துடைக்கப்படும். மீட்கும் முன் முழு டிஸ்கையும் குளோன்ஸில்லா போன்ற இலவச நிரலால் படியெடுத்து வைப்பது நல்லது. மீட்பு பாதியில் நின்றாலும் பழைய நிலை கையில் இருக்கும். பகுதியே இல்லை என்றால், ஓரளவு புதிய லேப்டாப்களுக்கு வேறு வழி உண்டு. டெல், எச்பி, லெனோவோ ஆகியவை சீரியல் எண்ணையோ சர்வீஸ் டேக்கையோ கொடுத்தால் ரெகவரி கோப்பைத் தரவிறக்க விடுகின்றன. மிகப் பழைய மாடல்களுக்கு இந்த வசதி கிடையாது.

புதிதாகப் போடும்போது வரும் தடைகள்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் நிறுவல் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே இலவசமாகத் தருகிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். டிஸ்க் இல்லை என்ற கவலை இந்த இரண்டுக்கும் இல்லவே இல்லை. விண்டோஸ் 7க்கு அப்படிப்பட்ட அதிகாரபூர்வத் தரவிறக்கம் இப்போது இல்லை. தெரிந்தவரிடம் இருக்கும் மூல டிவிடி, ஸ்டிக்கரில் உள்ள கீ என்ற இணைப்பே நம்பத்தக்கது. எங்கிருந்தோ எடுத்த கோப்பாக இருந்தால், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் அதன் ஷா மதிப்பை மூலக் கோப்பின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் போடக் கூடாது. கிராக் கோப்புகளின் ஆபத்தும் இதுவே: ஆக்டிவேட் செய்யும் நிரலுக்கு முழு நிர்வாக அனுமதியைக் கொடுத்து, ஆன்டிவைரஸையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டச் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் செய்யக் கூடாத காரியம் அது.

பூட் ஆவதில் ஒரு குழப்பம் எல்லோரையும் படுத்தும். பழைய லேப்டாப்கள் பயாஸ் முறையில், எம்பிஆர் வகை டிஸ்கில் பூட் ஆகின்றன. விண்டோஸ் 8 காலம் முதல் வந்தவை யூஇஎஃப்ஐ முறையில், ஜிபிடி வகை டிஸ்கில். பென் டிரைவை ஒரு முறைக்கும் டிஸ்கை வேறு முறைக்கும் தயாரித்திருந்தால், ‘இந்த டிஸ்கில் விண்டோஸ் நிறுவ முடியாது’ என்று வரும். ரூஃபஸ் போன்ற நிரலில் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கலாம்.

காலம் பொருந்தாமையால் வரும் தடைகளும் உண்டு. எக்ஸ்பி போடும்போது தொடக்கத்திலேயே 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை வந்தால், சாட்டா டிஸ்கைப் படிக்கும் டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லை என்று பொருள். பயாஸில் ஏஎச்சிஐ என்பதை ஐடிஇ என்று மாற்றினால் தொடரும். நேர்மாறாக, 2015க்குப் பின் வந்த இன்டெல் லேப்டாப்பில் விண்டோஸ் 7 போட முயன்றால், முதல் திரையிலேயே யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடக்கும். யூஎஸ்பி 3.0 டிரைவர் அந்த டிவிடியில் இல்லை.

டிரைவர்தான் இந்த வேலையில் பாதி. விண்டோஸ் போட்டு முடித்த பிறகு வைஃபை இல்லை, லேன் இல்லை என்றால் மற்ற டிரைவர்களைத் தேட இணையமே இருக்காது. ஆகவே நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு சிப்செட், கிராஃபிக்ஸ், டச்பேட் என்ற வரிசை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ‘அறியப்படாத சாதனம்’ என்று ஒன்று நின்றால், அதன் பண்புகளில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும். தயாரித்த நிறுவனத்தையும் சாதனத்தையும் குறிக்கும் இரு நான்கிலக்கக் குறியீடுகள் அதில் உண்டு. அதை வைத்துத் தேடினால் பெயர் தெரியாத பாகத்துக்கும் சரியான டிரைவர் கிடைக்கும். தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களின் பக்கங்களை ஒருநாள் எடுத்துவிடுகிறார்கள். லேப்டாப் ஓடும்போதே டிரைவர்களைப் பிரதி எடுத்து வைப்பதே பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தடை கடிகாரம். வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, ஆக்டிவேஷனும் தோற்கும். புது விண்டோஸில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை. விண்டோஸ் 7க்கு இதோடு இன்னொன்றும் சேரும். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்டுகளின் கையொப்ப முறையை ஷா-2க்கு மாற்றியது. புதிதாகப் போட்ட விண்டோஸ் 7, அதற்குரிய இரண்டு அப்டேட்டுகளைக் கையால் நிறுவும் வரை வேறு எதையும் ஏற்காது.

எந்த ஓஎஸ்?

பழையதையே போடுவது சாத்தியம் என்பதால் அதுவே சரி என்றாகிவிடாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8இல் நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, 8.1க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. இணையம் இல்லாமல் பழைய ஸ்கேனரையோ பழைய அச்சு மென்பொருளையோ இயக்குவதற்கு விண்டோஸ் 7 இன்றும் பயன்படும். வங்கிப் பரிவர்த்தனைக்கு அதைப் பயன்படுத்துவது ஆபத்து.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். எட்டாம் தலைமுறை 2017இல்தான் வந்தது. ஆக, அதற்கு முந்தைய லேப்டாப்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு என்றாலும், அப்படி நிறுவியவற்றுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

மிச்சமிருக்கும் நேர்மையான வழி லினக்ஸ். உரிமம் என்ற கேள்வியே அங்கில்லை. பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே இருக்கின்றன. சில பிராட்காம் வைஃபைகளுக்கு மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அன்றாட வேலைக்குப் போதும். லிப்ரே ஆஃபிஸில் ஆவணம், தமிழ்99 விசைப்பலகை, யூனிகோடு எழுத்துருக்கள் எல்லாம் தரமாகக் கிடைக்கின்றன. ஆனால் இங்கும் காலம் நெருக்குகிறது. உபுண்டு 2017 அக்டோபரிலேயே 32 பிட் டெஸ்க்டாப் வெளியீட்டை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சில வெளியீடுகளே 32 பிட் செயலிகளை இன்னும் தாங்குகின்றன.

லினக்ஸின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். டேலி, சில டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள், சில பிரின்டர்கள், விண்டோஸை மட்டும் நினைத்து எழுதிய பழைய தமிழ் மென்பொருள்கள் அதில் சரிவர ஓடுவதில்லை. கணக்காளரின் லேப்டாப்புக்கு அது விடையாகாது. பள்ளிப் பிள்ளைக்கும், வாசிக்கவும் எழுதவும் மட்டும் கணினி தேவைப்படும் பெரியவருக்கும் அது முழு விடை.

அரசு லேப்டாப்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி தனிப்பட்டவர்களோடு நின்றுவிடுவதில்லை. 2011 செப்டம்பர் 15இல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. ஆரம்பக் காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது.

ஸ்டார்ட்டர் பதிப்பு எந்தக் காலத்திலும் கடையில் தனியாக விற்கப்பட்டதில்லை. கணினியோடு மட்டுமே வந்தது. எனவே அதற்கு டிஸ்க் தேடி அலைவது வீண். ஆனால் 32 பிட் விண்டோஸ் 7 மூல டிவிடிக்குள் ஸ்டார்ட்டரும் இருக்கிறது. நிறுவல் கோப்புகளில் ‘ஈஐ.சிஎஃப்ஜி’ என்ற சிறு கோப்பை நீக்கிவிட்டால், எந்தப் பதிப்பு வேண்டும் என்ற பட்டியலில் அதுவும் தோன்றும். ஸ்டிக்கர் கீ அதற்குப் பொருந்தும். இன்னொரு செய்தி அதைவிடப் பயனுள்ளது. ஸ்டார்ட்டர் 32 பிட் மட்டுமே என்பதால் லேப்டாப்பும் 32 பிட் என்று பலர் நினைக்கிறார்கள். அக்காலத்துப் பென்டியம், ஏஎம்டி லேப்டாப் செயலிகள் 64 பிட். ராமைக் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, 64 பிட் லினக்ஸை ஏற்றினால், அதைப் பெற்ற பிள்ளையின் தம்பியோ தங்கையோ அதில் இன்று படிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

எரிக் லண்ட்கிரென் வழக்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிய வேண்டியது. கலிஃபோர்னியாவில் மின்கழிவு மறுசுழற்சித் தொழில் நடத்தியவர் அவர். பழைய லேப்டாப்களை வாங்குபவர்கள் டிஸ்க் இல்லாததால் தூக்கி எறிகிறார்கள் என்று கருதி, சீனாவில் சுமார் 28,000 ரெகவரி டிஸ்குகளை அச்சிட்டார். லேப்டாப்பின் உரிமம் இல்லாமல் அந்த டிஸ்குக்கு மதிப்பில்லை, அதிலிருப்பது இலவசமாகத் தரவிறக்கக் கிடைப்பதே என்பது அவர் வாதம். டெல், மைக்ரோசாஃப்ட் முத்திரைகளோடு அசலைப் போலவே அச்சிட்டு விற்க முயன்றது கள்ளப்பொருள் வணிகம் என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் ஒரு டிஸ்குக்கு 25 டாலர் மதிப்பு வைத்து 15 மாதச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதித்தது. 2018 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

பிறரின் முத்திரையைப் போலியாக அச்சிட்டது தவறு. ஆனால் தானாக எதையும் திறக்காத ஒரு மீட்புத் தகட்டுக்கு உரிமத்தின் விலையை வைத்தது, உரிமத்தையும் ஊடகத்தையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவு என்றே கருதுகிறேன். இந்தியச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ளக் காப்புப் பிரதி எடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. ரெகவரி பகுதியைப் படியெடுத்து வைப்பவர் தன் உரிமையையே பயன்படுத்துகிறார்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையவாசலைத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு வருடம் பாகங்களும் கருவிகளும் கையேடுகளும் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. இந்தியாவிலும் இந்த உரிமை மென்பொருளை உள்ளடக்க வேண்டும். கீலும் பேட்டரியும் கிடைத்து டிரைவர் கிடைக்காவிட்டால் லேப்டாப் பழுதுபட்டதுதான்.

முடிவாக

தொகுத்துச் சொன்னால் வரிசை இதுதான். டிஸ்கின் ஆரோக்கியத்தைப் பார். கோப்புகளையும் எழுத்துருக்களையும் எடு. மறைவுப் பகுதியைத் தேடு. அது இல்லையென்றால் மூலக் கோப்பிலிருந்து அதே பதிப்பைப் போடு. ஆதரவு முடிந்த விண்டோஸாக இருந்தால் லினக்ஸுக்கு மாறு. இந்த ஐந்தில் எந்தப் படியிலும் கிராக்குக்கு வேலையில்லை.

இதைத் தனிமனிதர்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது நியாயமாகாது. விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் ரெகவரி கோப்பையும் டிரைவர்களையும் குறைந்தது பத்து வருடம் தரவிறக்கத்துக்கு வைத்திருப்பது தயாரிப்பாளரின் கடமையாக வேண்டும். மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் வாங்கும் அரசிடம் அதைக் கட்டாயமாக்கும் பலம் இருக்கிறது. டெண்டர் நிபந்தனைகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். அதுவரை, இன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு பென் டிரைவில் ரெகவரி மீடியாவை உருவாக்கி, டிரைவர்களையும் அதில் சேர்த்து, ஸ்டிக்கர் கீயைப் படமெடுத்து வையுங்கள். ஒரு மாலை நேரம் ஆகும். அந்த லேப்டாப்பின் ஆயுளில் இன்னும் பல வருடங்கள் அதனால் கூடும்.